சர்வர் மேல் பழி போடும் முன்: நகர ஆய்வுக் குழுவின் பொது டேட்டாவில் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

நகரத் திட்டமிடல், சமூகவியல், பொருளியல், கட்டடக்கலை என்று நாலைந்து துறைக்காரர்கள் ஒரே சர்வரில் டேட்டாவைப் போட்டு எடுக்கும் ஓர் ஏற்பாட்டைச் சென்னையில் சில வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். கணினி என் படிப்பு இல்லை. "உனக்குத்தான் கொஞ்சம் தெரியுமே" என்று தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு லினக்ஸ் பெட்டி, அதில் போஸ்ட்ஜிஐஎஸ் (போஸ்ட்கிரெஸ் மேல் ஓடும், வரைபட டேட்டாவையும் வைக்கும் டேட்டாபேஸ்), கோப்புப் பகிர்வு, கள ஆய்வுக்குப் போனில் படிவம் நிரப்பும் ஓடிகே அல்லது கோபோ, மேசைகளில் வரைபடம் போடும் கியூஜிஐஎஸ்ஸும் எக்செல்லும். பெரும்பாலான குழுக்களில் இவ்வளவுதான் இருக்கும்.

"சர்வர் போச்சு" என்று போன் வந்தால் சர்வர் பெரும்பாலும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் 'வார்டு 45' என்று எழுதியதை இன்னொருவர் வேறு 45ஆகப் படித்திருப்பார், அல்லது இடையில் எக்செல் புகுந்து விளையாடியிருக்கும். அதனால் இங்கே எல்லா அறிகுறிக்கும் முதலில் கோப்பையும் போனையும் பார்க்கச் சொல்கிறேன், சர்வர் கடைசியில்தான்.

எதைத் தொடும் முன்பும் அந்தக் கோப்பை அப்படியே நகலெடுத்துத் தேதி போட்டு வையுங்கள். சரிசெய்யப் போய்க் கெடுத்ததுதான் என் கணக்கில் அதிகம்.

## அறிகுறி: களத்தில் எடுத்த படிவங்கள் வந்து சேரவில்லை

### ஒரே ஒரு போனிலிருந்து மட்டும் வரவில்லை

"அண்ணா, நான் எல்லாத்தையும் அனுப்பிட்டேன்" என்பார் களப்பணியாளர். அவர் பொய் சொல்லவில்லை. 'சேவ்' அழுத்தினால் அனுப்பியதாக நினைத்திருப்பார். போனைக் கையில் வாங்கி, படிவம் நிரப்பும் கலெக்ட் செயலியில் மூன்று இடங்களைப் பாருங்கள்: டிராஃப்ட், ரெடி டு செண்ட், செண்ட்.

டிராஃப்டில் இருந்தால் படிவம் முடிக்கப்படவில்லை. திறந்து, கடைசிப் பக்கம் வரை போய் முடிக்க வேண்டும். கட்டாயக் கேள்வி ஒன்றில் மாட்டி அப்படியே விட்டிருப்பார்கள்.

ரெடி டு செண்டில் நின்றால் நெட் பிரச்சினை. தானாக அனுப்பும் அமைப்பு 'வைஃபை மட்டும்' என்று இருக்கிறதா பாருங்கள். களத்தில் யாரிடம் வைஃபை இருக்கிறது? நாள் முடிவில் அலுவலகத்துக்கு வந்து அனுப்பச் சொல்லுங்கள். படம் நிறைய இருந்தால் அதுதான் நல்லது.

செண்டில் இருந்தும் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் முகவரியைப் பாருங்கள். கோபோவுக்கு உலகப் பொதுச் சர்வர் ஒன்று, ஐரோப்பியச் சர்வர் ஒன்று என்று இரண்டு உண்டு. ஒன்றில் வைத்த கணக்கு மற்றதில் செல்லாது. பழைய திட்டத்தின் முகவரியோ சோதனைத் திட்டமோ போனில் அப்படியே இருந்து, டேட்டா ஒழுங்காக அங்கே போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும்.

இதில் எதுவும் ஒத்துவராமல் "ஆப்பை அழித்துவிட்டுத் திரும்பப் போடலாமா" என்று கேட்டால், கூடாது. அனுப்பாத படிவமெல்லாம் அதோடு போய்விடும். 'கிளியர் டேட்டா'வும் அதே கதைதான். ஒருமுறை இரண்டு நாள் வேலை, நாற்பது வீடு, இப்படித்தான் போனது. திரும்பவும் அதே கதவுகளைத் தட்டினோம்.

### யாருடையதும் வரவில்லை

கீழே 'தளம் திறக்கவில்லை' பகுதிக்குப் போங்கள். சான்றிதழ் காலாவதி அல்லது டிஸ்க் நிரம்பியது, இரண்டில் ஒன்று.

### வந்திருக்கிறது, ஆனால் ஆட்கள் குறைகிறார்கள்

வீட்டுக்கு நாலு பேர் என்று கேட்டோமே, மொத்தம் இவ்வளவுதானா என்று வரும் கேள்வி. குடும்ப உறுப்பினர் விவரம் திரும்பத் திரும்பக் கேட்கும் பகுதியாக இருந்தால், இறக்கிய எக்செல்லில் அது தனி ஷீட்டில் இருக்கும். முதல் ஷீட்டில் ஒரு வரி என்பது ஒரு வீடு. ஓர் ஆள் அல்ல. கீழே உள்ள அடுத்த ஷீட்டைத் திறந்து பாருங்கள். சமூகவியல்காரர் ஆளை எண்ணுவார், திட்டமிடல்காரர் வீட்டை எண்ணுவார். இருவரும் ஒரே கோப்பை வைத்துக்கொண்டு சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பதில்கள் திடீரென்று அர்த்தம் மாறியது போலத் தெரிந்தால், நடுவில் யாரோ விருப்பப் பட்டியலில் எண்ணை மாற்றியிருக்கிறார்கள். 'குடிநீர்: 3' என்பது முதல் வாரம் லாரி, இரண்டாம் வாரம் கேன். படிவத்தின் பதிப்பு நெடுவரிசையை வைத்துப் பிரித்தால் மீட்கலாம். கணக்கெடுப்பு தொடங்கியபின் பட்டியலின் கடைசியில் புது எண் சேர்க்கலாமே தவிர, இருக்கும் எண்ணை மாற்றக் கூடாது.

மறைகுறியாக்கிய படிவம், தனிச்சாவி தொலைந்துவிட்டது என்றால் யாரைக் கூப்பிட்டும் பயனில்லை. சாவி இல்லாமல் திறக்க முடியாது என்பதற்காகத்தான் அந்தப் பூட்டே. சாவியை இரண்டு பேர் இரண்டு இடத்தில் வைத்திருக்கிறார்களா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

## அறிகுறி: தமிழ் எல்லாம் கிறுக்கலாகத் தெரிகிறது

கிறுக்கலில் மூன்று வகை உண்டு. எந்த வகை என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்.

### மேலே கோடு போட்ட 'ஏ'வும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வருகின்றன

கோப்பில் கோளாறு இல்லை. யுடிஎஃப்-8இல் (எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கம்) இருப்பதை எக்செல் பழைய ஆங்கிலக் குறியாக்கமாகப் படிக்கிறது. இரட்டைக் கிளிக் செய்து திறக்காமல், எக்செல்லில் டேட்டா மெனு, 'ஃப்ரம் டெக்ஸ்ட் சிஎஸ்வி', அங்கே ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். தமிழ் வந்துவிடும். கிறுக்கலாகத் தெரியும் நிலையில் சேமிக்காமல் மூடிவிடுவது முக்கியம்.

### வெறும் கேள்விக்குறிகள்

யாரோ சேமித்துவிட்டார்கள். எழுத்து போனது போனதுதான். அந்தக் கோப்போடு போராட வேண்டாம். சர்வரிலிருந்து மூலத்தைத் திரும்ப இறக்குங்கள்.

### ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை

ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி என்று இருந்தால் அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த 'தமிழ்'. இலங்கை ஆவணங்களிலும் பழைய அச்சகக் கோப்புகளிலும் அதிகம் வரும். தமிழ்நாட்டு அலுவலகங்களிலிருந்து வருவது வானவில்லாகவோ, 1999இல் தரமாக்கிய டாம், டாப் எழுத்துருவாகவோ இருக்கலாம். 2010இல் அரசு யூனிகோடுக்கு மாறச் சொல்லியும் பழைய கோப்புகள் பழையபடியே புழங்குகின்றன. அந்த எழுத்துருவை நிறுவினால் படிக்க மட்டும் முடியும். தேட முடியாது, வேறு அட்டவணையோடு சேர்க்க (ஜாயின் செய்ய) முடியாது. மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நேர்காணல் எழுத்துப்படியை மட்டும் இணையக் கருவியில் ஒட்டாதீர்கள். யார் கணினிக்குப் போகிறது என்று தெரியாது. உங்கள் கணினியிலேயே ஓடும் கருவியாகப் பாருங்கள்.

ஆயிரம் பக்கம் ஸ்கேன் செய்த படங்கள், எழுத்தே இல்லை என்றால் தட்டச்சுக்குக் கொடுப்பதுதான் வழி. எண் அட்டவணைகளில் எழுத்துணரி செய்யும் தவற்றைத் திருத்துவதைவிடப் புதிதாக அடிப்பது சில சமயம் மலிவு.

## அறிகுறி: இரண்டு அட்டவணை சேர மாட்டேன் என்கிறது, பாதி வார்டு காலியாக வருகிறது

இதுதான் எனக்கு அதிகம் வரும் அழைப்பு. வரைபடத்தில் பாதி வார்டு வெள்ளையாக நிற்கும். "போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் ஏதோ பிரச்சினை" என்பார்கள். போஸ்ட்ஜிஐஎஸ் பாவம்.

### எண்ணை வைத்துச் சேர்க்கிறீர்கள்

ஒரு பக்கம் '0007' என்று எழுத்தாகவும் மறுபக்கம் 7 என்று எண்ணாகவும் இருக்கிறதா? மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கோப்புகளில் வார்டுக் குறி முன்சுழியோடு வரும். ஒருமுறை எக்செல்லில் திறந்து சேமித்தால் சுழிகள் காலி. கியூஜிஐஎஸ்ஸில் லேயர் பண்புகளின் 'ஃபீல்ட்ஸ்' பக்கத்தில் எண் வகையா எழுத்து வகையா என்று தெரியும். இரண்டையும் எழுத்தாக்கி, இடப்பக்கம் சுழி நிரப்பினால் பாதிப் பிரச்சினை தீரும்.

கதவிலக்கத்தில் எக்செல் செய்வது இன்னும் கொடுமை. சென்னையில் வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் இரண்டும் உண்டு. '12/5' என்று அடித்தால் எக்செல் அதைத் தேதி என்று முடிவுகட்டி, உங்கள் கணினியின் அமைப்பைப் பொறுத்து மே 12 அல்லது டிசம்பர் 5 ஆக்கிவிடும். '45/112' மட்டும் தப்பிக்கும். ஆகவே நெடுவரிசையில் சில வீட்டு எண்கள் ஒழுங்காகவும் சில தேதியாகவும் நின்றால் காரணம் இதுதான். பின்னால் மாற்றினாலும் நாற்பதாயிரத்துச் சொச்சம் என்று ஓர் எண்தான் மிஞ்சும். மூலக் கோப்புக்குப் போங்கள். அடுத்த முறை அந்த நெடுவரிசையை முதலிலேயே 'டெக்ஸ்ட்' ஆக்கிவிட்டு அடிக்கத் தொடங்குங்கள். போன் எண் 9.84இ+09 என்று நிற்பதும் இதே குடும்பம்தான்.

வரிகளின் எண்ணிக்கை சரியாக 10,48,576இல் நிற்கிறதா? எக்செல் ஷீட்டின் எல்லை அது. பேருந்து ஜிபிஎஸ் பதிவு மாதிரிப் பெரிய கோப்பைத் திறந்து சேமித்ததில் மிச்சம் வெட்டுப்பட்டிருக்கிறது.

### பெயரை வைத்துச் சேர்க்கிறீர்கள்

முடிந்தால் செய்யாதீர்கள். வேறு வழியே இல்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

முன்னும் பின்னும் வெற்றிடம் இருக்கிறதா. அடுத்து, ஒற்று: 'தண்டையார்பேட்டை'யும் 'தண்டையார்ப்பேட்டை'யும் கணினிக்கு இரண்டு ஊர். அடுத்து, கண்ணுக்குத் தெரியாதவை. 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் அடிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாகத் தனித்தனியாகவும் அடிக்கலாம். பார்க்க ஒன்றே, உள்ளே வேறு. இரண்டையும் ஒரே வடிவாக்கும் யூனிகோடு இயல்பாக்கம் (என்.எஃப்.சி.) ஓட்டினால் சரியாகும். 'கௌ'வில் அது உதவாது. பலர் கொம்புக்குப் பின் 'ள' எழுத்தையே அடித்து 'கெள' என்று வைத்திருப்பார்கள். 'ஸ்ரீ'யும் அப்படித்தான். சில விசைப்பலகை 'ஸ'வைப் போடும், சில 'ஶ'வைப் போடும். ஸ்ரீபெரும்புதூர் ஒரு வரைபடத்தில் மட்டும் தொடர்ந்து காலியாக நின்றதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பிற்பகல் ஆனது. இந்த இரண்டையும் கையால் தேடி மாற்ற வேண்டும்.

### எண்ணும் வகையும் சரி, இருந்தும் கணக்கு இடிக்கிறது

இங்கேதான் கவனம் வேண்டும். ஜாயின் வேலை செய்துவிடும், பிழைச்செய்தி எதுவும் வராது, விடை மட்டும் தப்பாக இருக்கும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னை என்பது 155 வார்டு கொண்ட பழைய மாநகராட்சி, மக்கள் 46.46 லட்சம். அதே 2011இல் அக்கம்பக்கத்து 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து, சுமார் 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆனது, வார்டுகள் 200. பழைய நகரத்தின் 155 வார்டுகள் 107ஆகச் சுருங்கின, புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கு 93 போனது. அதன்பின் மறுவரையறை ஒன்று நடந்து, 2022 தேர்தல் அந்த எல்லைகளில்தான் நடந்தது. அப்போதும் வார்டுகள் 200தான். ஆக வார்டு 45 என்பதற்கு மூன்று எல்லைகள் உண்டு. 2011 அட்டவணையை இன்றைய வரைபடத்தோடு எண்ணை வைத்துச் சேர்த்தால் 1 முதல் 155 வரை அழகாக ஒட்டிக்கொள்ளும். ஒன்றுகூட அதே இடம் என்று நம்ப முடியாது. காலியாக நிற்கும் வார்டுகளை எண்ணுங்கள். சரியாக 45 என்றால், அதாவது 156 முதல் 200 வரை மட்டும் வெள்ளை என்றால், நடந்தது இதுதான்.

மாவட்டத்திலும் இதே பொறி. 2011இல் தமிழ்நாட்டில் 32 மாவட்டம், இப்போது 38. 2018இல் சென்னை மாவட்ட எல்லையும் மாநகராட்சி அளவுக்கு விரிந்தது. 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு பிரிந்தது. 2011இன் 'காஞ்சிபுரம்' எண்ணை இன்றைய காஞ்சிபுரத்தில் ஊற்றினால் வேலையின்மையோ கழிப்பறை வசதியோ என்னவாக வேண்டுமானாலும் வரும்.

சோதனை எளிது: இரண்டு எல்லைக் கோப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக, வெறும் கோடாகப் போட்டுப் பாருங்கள். கோடு பொருந்தவில்லை என்றால் எண்ணை வைத்துச் சேர்க்கும் பேச்சே வேண்டாம். தீர்வு, பரப்பளவு விகிதத்தில் பிரிப்பது அல்லது கட்டடங்களின் எண்ணிக்கையை வைத்துப் பிரிப்பது. முதலாவது மலிவு, ஆனால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலும் ஆட்களைக் குடிவைத்துவிடும். இந்த முடிவை சர்வர் பார்ப்பவர் எடுக்கக் கூடாது. மக்கள்தொகையியல் அல்லது புள்ளியியல் தெரிந்த ஒருவரைக் கூப்பிட வேண்டிய இடம் இது. குழுவில் இல்லை என்றால் வெளியிலிருந்தாவது.

எங்கள் சர்வரில் இப்போது எல்லைக் கோப்புகளின் பெயரிலேயே ஆண்டு இருக்கும். வெறும் 'வார்டு' என்ற பெயரில் கோப்பைப் போட்டால் நான் எடுத்துத் தனிக் கோப்புறையில் வைத்துவிடுவேன். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

## அறிகுறி: புள்ளிகள் தப்பான இடத்தில் விழுகின்றன

ஆர்க்டிக்கில். சென்னை வடக்கே 13.08, கிழக்கே 80.27. இரண்டையும் மாற்றிப் போட்டால் நார்வேயின் ஸ்வால்பார்டுக்கு வடக்கே கடலில் போய் நிற்கும். கூகுள் மேப்ஸ் அட்சரேகையை முதலில் தரும். ஜியோஜேசன், கேஎம்எல் வகை வரைபடக் கோப்புகளும் போஸ்ட்ஜிஐஎஸ்ஸும் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். நெடுவரிசையை மாற்றினால் முடிந்தது.

மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கீழே கினி வளைகுடாவில். இடம் பதிவாகாத வரிகள் 0, 0 ஆகிவிட்டன. வடிகட்டி எடுத்து, வெற்றாக வையுங்கள். ஒட்டுமொத்த லேயரே (வரைபடத்தின் ஓர் அடுக்கு) அங்கே குறுகி நின்றால், மீட்டர் அளவுகளை ஏற்க வேண்டிய இடத்தில் பாகை அளவுகள் போயிருக்கின்றன.

திரையிலேயே இல்லை. அட்டவணையைத் திறந்து எண்ணைப் பாருங்கள். 4,20,000, 14,46,000 என்பது போலப் பெரிய எண்ணாக இருந்தால் அது உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் யூடிஎம் முறை. சென்னை, மதுரை, சேலம் எல்லாம் 44 வடக்கு மண்டலம்: அதன் குறியெண் இபிஎஸ்ஜி 32644. கோயம்புத்தூர் 43இல் விழும். லேயருக்கு அதைச் சொல்லிக் கொடுங்கள். இங்கே எல்லோரும் செய்யும் தவறு ஒன்று: 'செட் லேயர் சிஆர்எஸ்' என்பது எந்த இடக்குறிப்பு முறை என்ற லேபிளை மாற்றும், 'ரீப்ரொஜெக்ட்' என்பது எண்களை மாற்றும். லேபிள் தப்பாக இருந்தால் முதலாவது. லேபிள் சரி, வேறு முறைக்கு வேண்டும் என்றால் இரண்டாவது. மாற்றிச் செய்தால் கோளாறு இரட்டிப்பாகும்.

எல்லாமே ஒரே திசையில் சில நூறு மீட்டர் தள்ளி. பழைய நில அளவைத் தாள்களிலிருந்து வரைந்த லேயர். அவை பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் என்ற பழைய கோளவுருவை வைத்தவை, ஜிபிஎஸ் வைத்திருப்பது டபிள்யூஜிஎஸ்84. சரியான மாற்று அமைப்பைத் தேர்ந்தால் கிட்டத்தட்ட உட்காரும். பட்டா எல்லை, வெளியேற்ற வழக்கு என்று சட்டத்துக்குப் போகும் வரைபடமானால் 'கிட்டத்தட்ட' போதாது. உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கூப்பிடுங்கள்.

சில புள்ளிகள் மட்டும் தெருவுக்கு அந்தப் பக்கம். துல்லிய நெடுவரிசையைப் பாருங்கள். 5 மீட்டர் என்றால் நம்பலாம். 60 என்றால் வீட்டுக்குள் உட்கார்ந்து எடுத்திருக்கிறார்கள்.

புள்ளிகள் குறைவாகத் தெரிகின்றன. பெரும்பாக்கம் மாதிரி அடுக்குமாடிக் குடியிருப்பில் எட்டு மாடி வீடுகளும் ஒன்றன்மேல் ஒன்று. அது கோளாறே இல்லை. தள எண்ணைத் தனிக் கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டும்.

புள்ளியைச் சுற்றி 500 மீட்டர் வட்டம் (பஃபர்) போட்டதில் உலகமே நிறைந்துவிட்டது என்றால், லேயர் பாகையில் இருக்கிறது. நீங்கள் 500 பாகை கேட்டிருக்கிறீர்கள்.

## அறிகுறி: நேற்று இருந்த லேயர் இன்று இல்லை, அல்லது கோப்பு இரண்டாகிவிட்டது

கியூஜிஐஎஸ் திறந்ததும் 'லேயர் கிடைக்கவில்லை' என்று கேட்டால், திட்டக் கோப்பு ஒருவருடைய கணினியின் முழுப் பாதையைப் பிடித்து வைத்திருக்கிறது. அவர் கணினியில் இசட் டிரைவ், உங்களதில் வேறு. திட்ட அமைப்பில் பாதையை 'ரிலேட்டிவ்' ஆக்கி, கோப்புகளை ஒரே கோப்புறையில் வையுங்கள்.

ஷேப்ஃபைல் என்ற வரைபட வகையில் 'எஸ்ஹெச்பி' என்ற ஒன்றை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, திறக்கவில்லை என்பார்கள். அது தனி ஆள் இல்லை, ஒரு குடும்பம்: எஸ்ஹெச்எக்ஸ், டிபிஎஃப் கட்டாயம், பிஆர்ஜே இல்லாவிட்டால் இடம் தெரியாது, சிபிஜி இல்லாவிட்டால் தமிழ் தெரியாது. நெடுவரிசைப் பெயர்கள் 10 எழுத்தில் வெட்டுப்படுவதும் இதன் குணம். எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும் ஜியோபேக்கேஜுக்கு மாறுங்கள்.

மாறியபின் ஒரு புதுச் சிக்கல் வரும். பகிர்வுக் கோப்புறையில் இருக்கும் ஜியோபேக்கேஜை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால் 'டேட்டாபேஸ் பூட்டப்பட்டுள்ளது' என்று வரும். சில சமயம் எதுவும் சொல்லாமலே கெடும். அதன் உள்ளே இருப்பது எஸ்கியூலைட் என்ற சிறு டேட்டாபேஸ். திருத்தங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதி வைக்கும் அதன் 'வால்' (டபிள்யூஏஎல்) முறை வலையமைப்பு டிரைவில் ஓடுவதற்காகச் செய்ததல்ல. கோப்புக்குப் பக்கத்திலேயே 'வால்' என்று முடியும் இன்னொரு கோப்பு தெரிந்தால், யாரோ இன்னும் திறந்து வைத்திருக்கிறார்கள். அப்போது நகலெடுத்தால் கடைசித் திருத்தங்கள் வராது. எல்லோரையும் மூடச் சொல்லி, அந்த இரண்டாவது கோப்பு மறைந்தபின் எடுங்கள். மூன்று பேருக்கு மேல் திருத்தும் லேயர் என்றால் போஸ்ட்ஜிஐஎஸ்ஸுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

'இறுதி', 'இறுதி2', 'உண்மையான இறுதி' வகைக்கு என்னிடம் மருந்து கிடையாது.

## அறிகுறி: தளம் திறக்கவில்லை, அல்லது ஊர்கிறது

'பாதுகாப்பற்றது' என்கிறது. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் முடிந்துவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழுக்கு இயல்பாக 90 நாள்தான் ஆயுள். முடியப்போகிறது என்று மின்னஞ்சல் அனுப்புவதையும் 2025இல் நிறுத்திவிட்டார்கள். தானாகப் புதுப்பிக்கும் வேலை ஏன் நின்றது என்று பாருங்கள். பெரும்பாலும் யாரோ 80ஆம் போர்ட்டை மூடியிருப்பார்கள்.

எல்லாமே நின்றுவிட்டது. டிஸ்க் நிரம்பியிருக்கும். டிஸ்க் இடத்தைக் காட்டும் 'டிஎஃப்' கட்டளையில் நூறு சதம் என்று வந்தால் முதலில் டாக்கரின் (மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டுவது) பதிவுகளைப் பாருங்கள். எல்லை வைக்காவிட்டால் அவை வளர்ந்துகொண்டே போகும். அப்புறம் பழைய பேக்கப்கள். இடம் மிச்சம் காட்டியும் எழுத முடியவில்லை என்றால் ஐநோடு (கோப்புக்கு ஒன்று என்று டிஸ்க் வைத்திருக்கும் குறிப்பிடம்) தீர்ந்திருக்கும். வரைபட ஓடுகளை லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகளாக வைத்திருப்பவர் யார் என்று தேடுங்கள்.

இடம் தேடும் அவசரத்தில், டேட்டாபேஸின் மாற்றங்களை எழுதி வைக்கும் போஸ்ட்கிரெஸ்ஸின் 'பிஜி_வால்' கோப்புறையில் கை வைக்காதீர்கள். முன்பு அதற்கு 'பிஜி_எக்ஸ்லாக்' என்று பெயர். 'லாக்' என்றதும் தேவையில்லாத பதிவு என்று நினைத்து அழித்து, டேட்டாபேஸையே தொலைத்தவர்கள் உண்டு. 2017இல் 10ஆம் பதிப்பில் பெயரை மாற்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு கேள்வி (குவெரி) மட்டும் பத்து நிமிடம் ஓடுகிறது. வடிவ நெடுவரிசைக்கு, தேடலை வேகமாக்கும் இடச் சுட்டி (இண்டெக்ஸ்) போடவில்லை.

காலையில் சரி, மதியம் 'இணைப்புகள் அதிகம்'. போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 இணைப்புதான் ஏற்கும். வகுப்பில் முப்பது மாணவர்கள் கியூஜிஐஎஸ்ஸைத் திறந்தால் ஆளுக்கு நாலைந்து பிடித்துக்கொள்ளும். எண்ணைக் கூட்டுவதைவிட, இடையில் இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் வைப்பது நல்லது. அது புரியவில்லை என்றால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அரை நாள் வேலை.

## அறிகுறி: பார்க்கக் கூடாதவர் பார்த்துவிட்டார்

நேர்காணல் ஒலிப்பதிவு, ஆதார் எண் உள்ள ஷீட், குடியிருப்போர் பெயரோடு வீட்டுப் புள்ளி. இவற்றில் ஒன்று 'லிங்க் உள்ள எவரும்' என்று திறந்து கிடந்தது தெரியவந்தால், முதலில் லிங்கை மூடுங்கள். பதிவுகளை அழிக்காதீர்கள், யார் எப்போது இறக்கினார் என்பது அதில்தான் இருக்கிறது. கண்டுபிடித்த நேரத்தைக் குறியுங்கள்.

அப்புறம் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். இங்கே எளிய காரணம், கடினக் காரணம் என்ற வரிசையே கிடையாது. திட்டத் தலைவருக்கும் நெறிக் குழுவுக்கும் நிறுவனத்தின் ஐடி பொறுப்பாளருக்கும் அன்றைக்கே சொல்லுங்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு, இத்தகைய சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைச் சட்டம் தெரிந்தவர் சொல்லட்டும்.

கசிவு இல்லாமலே கசியும் வழி ஒன்று உண்டு: களப் புகைப்படம். போன் படத்துக்குள்ளேயே இடக் குறிப்பு ஒட்டியிருக்கும். முகத்தை மறைத்துவிட்டு வீட்டு முகவரியைக் கொடுத்த கதையாகிவிடும். அறிக்கையில் போடும் முன் அந்தக் குறிப்பை நீக்குங்கள்.

## அறிகுறி: டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம்

நிறுத்துங்கள். மறுதொடக்கம் செய்து பார்க்காதீர்கள், இலவச மீட்பு மென்பொருள் ஓட்டாதீர்கள், திறந்து பார்க்கவே பார்க்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பேக்கப் எங்கே, எந்தத் தேதி வரை என்று தேடுங்கள். அது போதுமானது என்றால் டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கலாம். போதாது என்றால் தூசியற்ற அறை வைத்திருக்கும் மீட்பு நிலையம். செலவு ஆயிரங்களில் நிற்காது, கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

ரெய்டு (பல டிஸ்க்கை ஒன்றாக ஓட்டும் ஏற்பாடு) இருக்கிறதே என்பார்கள். ரெய்டில் ஒரு டிஸ்க் போனால் ஓட்டிக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். தவறாக அழித்ததை அது எல்லா டிஸ்க்கிலும் சேர்த்தே அழிக்கும். சிவப்பு விளக்கு எரியும் டிஸ்க் எது என்று வரிசை எண்ணைத் தாளில் எழுதி, இன்னொருவரிடம் காட்டி, அப்புறம் உருவுங்கள். நல்ல டிஸ்க்கை உருவியவரை எனக்குத் தெரியும். அவர்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறார்.

மீட்பு நிலையத்துக்குக் கொண்டுபோகும்போது கையில் இருக்க வேண்டியவை: டிஸ்க் மாடலும் வரிசை எண்ணும், ரெய்டு வகை, டிஸ்க்குகள் எந்த வரிசையில் செருகியிருந்தன, எந்தக் கோப்புறைகள் அவசியம், உள்ளே தனிநபர் விவரம் இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்றால் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியபின் டிஸ்க்கைக் கொடுங்கள்.